40 மீட்டர் நேர்கோடு: சேலத்தில் ரிமோட் டிராக் கார் கட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பிழைப்புக்குப் பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறேன். கடை சூரமங்கலத்தில். மேசை ஓரத்தில் எப்போதும் ஒரு டிராக் (drag) கார், அதாவது நேர்கோட்டுப் பந்தயத்துக்கான சின்ன ரிமோட் கார், பாதி பிரித்த நிலையில் கிடக்கும். மோட்டாரை எடுத்துப்போக வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்காமல் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிற இடத்திலும் அதே கேள்விகள்தாம். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்து வைத்தவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தருகிறேன்.

ரேஸ் கார் என்கிறீர்கள், வளைவே கிடையாதா?

கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், விளக்கு எரியும், நேராகப் போகும், முடிந்தது. அசல் டிராக் பந்தயத்தின் தூரம் கால் மைல், அதாவது 1,320 அடி. நம் கார் அசலில் பத்தில் ஒரு பங்கு அளவு என்பதால் தூரமும் பத்தில் ஒரு பங்கு: 132 அடி, மீட்டரில் 40.2.

சாலையில் பசை எதுவும் தெளிக்காமல், இருக்கிற தார்த்தளத்தில் அப்படியே ஓட்டுவதற்கு 'நோ பிரெப்' என்று பெயர். நாங்கள் ஓட்டுவது அதுதான். ஒரு வாரம் வேலை செய்து மூன்று வினாடி ஓட்டுவதில் என்ன இருக்கிறது என்று என் மனைவி கேட்ட கேள்வியைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெட்டியில் வருகிற காரை வாங்கலாமா, நானே கட்ட வேண்டுமா?

இரண்டும் சரிதான். டீம் அசோசியேட்டட் டிஆர்10, லோசி 22எஸ், டிராக்சஸ் டிராக் ஸ்லாஷ் எல்லாம் இந்தப் பந்தயத்துக்கென்றே வந்தவை. வாங்கி, பேட்டரி போட்டு, அன்றைக்கே ஓட்டலாம். ஆனால் முதல் நாளிலேயே கார் எங்காவது மோதும், ஏதாவது உடையும். தானே கட்டியவனுக்கு எந்தத் திருகு எதைப் பிடித்திருக்கிறது என்று தெரியும்.

வீட்டில் பழைய ஷார்ட் கோர்ஸ் டிரக் (மண் தடத்தில் ஓட்டும் ரிமோட் டிரக்) இருந்தால் அதையே மாற்றிக் கட்டச் சொல்வேன். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வகையாக இருக்க வேண்டும். பெரும்பாலான போட்டிகளில் நான்கு சக்கர இழுவைக்கு அனுமதி இல்லை. உயரத்தைத் தாழ்த்தி, முன்னால் ஒல்லியான டயரும் பின்னால் அகலமான டயரும் போட்டு, பின்பக்கம் ஒரு வீலி பார் (முன்பக்கம் தூக்கிக் கார் கவிழாமல் தாங்கும், சின்னச் சக்கரம் வைத்த சட்டம்) பொருத்தினால் தொடங்கிவிடலாம். வீலி பாருக்கு வெளியூர் உதிரிபாகம் தேட வேண்டாம். அலுமினியப் பட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நம் ஊர் லேத் பட்டறையில் தேநீர் குடித்து முடிப்பதற்குள் துளை போட்டுத் தருவார்கள்.

எவ்வளவு ஆகும்? வீட்டில் ஒரு தொகை சொல்ல வேண்டும்.

கார், டிரான்ஸ்மிட்டர், இரண்டு பேட்டரி, நல்ல சார்ஜர் எல்லாம் சேர்த்தால் ஓடுகிற நிலையில் உள்ள பழைய மொபெட்டின் விலையைத் தொடும். சார்ஜரின் விலையை வீட்டில் தனியாகச் சொல்லுங்கள். மறைத்தால் பிறகு அதுதான் சண்டையாகும்.

மோட்டார் மேல் 3,500 கேவி என்று போட்டிருக்கிறது. கரண்ட் அடிக்காதா?

கேவி இங்கே கிலோவோல்ட் அல்ல. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதுதான் அந்த எண். முழுதாக ஏற்றிய 2 செல் பேட்டரி 8.4 வோல்ட் தரும். 3,500-ஐ 8.4-ஆல் பெருக்கினால் 29,400 சுற்று. தோட்டத்துப் பம்ப்செட் மோட்டார் நிமிடத்துக்கு 2,880 சுற்றினாலே வேகமான மோட்டார் என்கிறோம்.

காயில் கட்டுகிறவனுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. காயிலில் கம்பி சுற்றும் எண்ணிக்கையைக் குறைத்துக் கம்பியைத் தடியாக்கினால் வேகம் கூடும். அதே இழுவைக்கு இழுக்கும் ஆம்பியரும் கூடும். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க முடியும். வாங்கும்போது, உள்ளே காந்தம் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் சென்சார் உள்ள பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டாராகப் பாருங்கள். சென்சார் இல்லாதவற்றில் சில, நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது விக்கும். 40 மீட்டர் பந்தயத்தில் தொடக்கத்தில் விக்கினால் அங்கேயே தோற்றாயிற்று.

இன்னும் பெரிய மோட்டார் போட்டால் ஜெயிப்பேனா?

இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான். வாரத்துக்கு நான்கு பேராவது கேட்கிறார்கள். ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிப்பு, காரின் எடைக்குச் சமம் என்று வையுங்கள். நோ பிரெப் தளத்தில் அது நல்ல பிடிப்பு. அந்த முழு எடையும் பின்சக்கரத்தின் மேலேயே நின்றால் கார் வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர் வேகம் கூட்டிக்கொண்டு போகும். 40.2 மீட்டரைக் கடக்க 2.86 வினாடி, முடிவில் வேகம் மணிக்கு 101 கிலோமீட்டர். எடையில் 60 சதவீதம் மட்டும் பின்சக்கரத்தில் நின்றால், கிளம்பும்போது எடை பின்னால் சாய்வதைக் கணக்கில் சேர்க்காமல், நேரம் 3.7 வினாடி, வேகம் 78 கிலோமீட்டர். ஏறக்குறைய ஒரு வினாடி வித்தியாசம். இதில் மோட்டாரின் பேச்சே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது மோட்டாருக்கு வருவோம். கார் 2 கிலோ. முதலில் சொன்ன ஓட்டத்தில், கோட்டைத் தொடுகிற கடைசி நொடியில் சக்கரத்துக்குத் தேவைப்படுவது சுமார் 550 வாட். முக்கால் குதிரைத்திறன். வீட்டுக் கிணற்று மோட்டாரின் அளவு. தொடக்கத்தில் அதுவும் வேண்டாம், கொஞ்சமே போதும். உங்கள் காரில் ஏற்கெனவே இருக்கும் மோட்டார் இதைத் தந்துவிடும். அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு வாட்டும் டயரைப் புகைக்கத்தான் போகும். நானும் முதல் ஆண்டு முழுக்க மோட்டார் வாங்கினேன். மூன்றும் கடையில் பெட்டியோடு இருக்கின்றன; வேண்டுமானால் வந்து பாருங்கள், விற்க மாட்டேன், எனக்கே நினைவூட்டலாக இருக்கட்டும்.

அப்படியானால் எடையைப் பின்னால் கொண்டுபோவது எப்படி? ஈயம் வைக்கவா?

முதலில் இருப்பதை நகர்த்துங்கள். காரில் கனமான தனிப்பொருள் பேட்டரி. அதை எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ தள்ளுங்கள். அதன் பிறகும் போதவில்லை என்றால்தான் ஈயம். ஈயம் வைத்தால் பின்சக்கரத்தின் மேல் எடை கூடும், மொத்த எடையும் கூடும். ஆதாயத்தில் பாதி கைவிட்டுப் போகும்.

இரண்டாவது, கிளம்பும்போது எடை தானாகப் பின்னால் சாய்கிறது. காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 5 சென்டிமீட்டர், அச்சுகளுக்கு இடையே தூரம் 33 சென்டிமீட்டர் என்றால், மேலே சொன்ன முழுப் பிடிப்பு ஓட்டத்தில் மொத்த எடையில் 15 சதவீதம் முன்னாலிருந்து பின்னால் போகும். இதை ஷாக் அப்சார்பர்கள் தடுக்கக் கூடாது. முன் ஷாக்குகள் மெல்லிய எண்ணெயோடு எளிதாக மேலே நீள வேண்டும். எடையை அளக்க நான்கு சக்கரத்துக்கும் நான்கு சமையலறைத் தராசு போதும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் வேலை செய்யும் நண்பர், கொலுசு நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து வைத்தார். அதன் துல்லியத்துக்குக் காரின் மேல் படிந்த தூசியையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது.

டயர் எது வாங்குவது? டயருக்கு ஏதோ தைலம் தடவுகிறார்களே?

மிருதுவான ரப்பர், உள்ளே பெல்ட் வைத்தது. பெல்ட் இல்லாத டயர் வேகம் கூடக்கூட உப்பும். நடுப்பகுதி புடைத்து, தரையைத் தொடும் அகலம் ஒரு விரல் அளவுக்குச் சுருங்கும். பிடிப்பும் போகும், கார் திசையும் மாறும்.

தைலம் உண்மைதான். ரப்பரின் மேற்பரப்பை மிருதுவாக்கும் திரவம் அது. தடவி, ஊறவிட்டு, துடைத்துவிட்டு ஓட்டுவார்கள். சில போட்டிகளில் அனுமதி உண்டு, சிலவற்றில் கிடையாது, கேட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் தடவிப் பார்த்த ஒரு தம்பியின் டயர் மூன்றாம் ஓட்டத்தில் ரிம்மை விட்டுத் தனியே உருண்டு போனது. ஒட்டியிருந்த பசையும் கரைந்துவிட்டது. தைலத்தைவிட முக்கியம் துடைப்பம். ஓட்டுவதற்கு முன் 40 மீட்டரையும் பெருக்குங்கள். நம் ஊர்ச் சாலையின் மணல், எந்த டயரையும் கோலி குண்டின் மேல் நிற்க வைத்துவிடும்.

பினியனில் எத்தனை பல் வைக்க வேண்டும்?

கணக்கைச் சொல்கிறேன், பல்லை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். பினியன் (மோட்டார் தண்டில் உள்ள சின்னப் பல்சக்கரம்) 26, ஸ்பர் (அது சுழற்றும் பெரிய பல்சக்கரம்) 78 என்றால் விகிதம் 3. கியர்பெட்டியின் உள் விகிதம் 2.6 என்றால் மொத்தம் 7.8. மேலே பார்த்த 29,400 சுற்றை இதனால் வகுத்தால் சக்கரத்துக்கு 3,769 சுற்று. டயரின் விட்டம் 11 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 34.6. பெருக்கிப் பாருங்கள், மணிக்கு 78 கிலோமீட்டர். பினியனை 30 ஆக்கினால் 90 கிலோமீட்டர். ஒரு பல்லுக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இவை சுமையில்லாத கணக்கு. சாலையில் இதைவிடக் குறையும்.

கார் கோட்டைத் தொடுவதற்கு முன்பே மோட்டார் உச்ச சுற்றுக்குப் போய், அதற்கு மேல் இழுக்காமல் கத்திக்கொண்டே போனால் ஒரு பல் கூட்டுங்கள். ஓடி முடித்ததும் மோட்டார் உடல் 80 டிகிரியைத் தொட்டால் ஒரு பல் குறையுங்கள். உள்ளே சுழலும் காந்தம் சூட்டில் வலிமை இழந்தால் திரும்ப வராது. காயில் எரிந்தால் நான் கட்டித் தருவேன்; காந்தத்துக்கு என்னிடம் மருந்து இல்லை.

நேராக விட்டால் இடதுபக்கமே இழுக்கிறது. கைரோ போட்டால் சரியாகுமா?

கைரோ நோயை மறைக்கும், தீர்க்காது. அதைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் தையல்காரரின் டேப்பை எடுத்து இரண்டு பின்டயர்களின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். ஒரே பெட்டியில் வந்த ஜோடியிலும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். இரண்டு பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பகுதி டிஃபரன்ஷியல். டிராக் காரில் அதைப் பூட்டிவிடுகிறோம், அல்லது பத்து லட்சம் சிஎஸ்டி (எண்ணெயின் கெட்டித்தன்மைக்கான அளவு) போன்ற கெட்டியான சிலிக்கான் எண்ணெயால் ஏறக்குறையப் பூட்டுகிறோம். இரண்டு சக்கரமும் ஒரே சுற்றில் சுழலும்போது பெரிய டயர் அதிகத் தூரம் போகும், கார் சின்ன டயர் பக்கம் திரும்பும். உங்கள் இடது டயர்தான் சிறியதாக இருக்கும் என்பது என் ஊகம்.

அது சரியாக இருந்தால் இடது வலது எடையைப் பாருங்கள், பிறகு முன்சக்கரங்களை. இரண்டும் துளி உள்நோக்கி இருந்தால் கார் அலையாது. இத்தனையும் முடிந்த பிறகு கைரோவைப் போடுங்கள். கார் விலகும் வேகத்தை உணர்ந்து ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்புவதுதான் அதன் வேலை. பொருத்தியதும் காரைக் கையில் தூக்கி மூக்கை இடதுபக்கம் சட்டென்று திருப்புங்கள். முன்சக்கரம் வலதுபக்கம் திரும்ப வேண்டும். இடதுபக்கமே திரும்பினால் கைரோ தலைகீழாக அமைந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் கார் பம்பரம்தான். அளவைக் கூட்டிவைத்தால் மீன் போல வாலை ஆட்டிக்கொண்டு போகும், அப்போது குறையுங்கள்.

வீலி பார் போட்ட பிறகு முன்னைவிட அதிகமாகச் சறுக்குகிறதே, ஏன்?

மிகத் தாழ்வாக வைத்திருக்கிறீர்கள். வீலி பாரின் சின்னச் சக்கரம் தரையில் அழுந்தும்போது, டயருக்குப் போக வேண்டிய எடையை அது வாங்கிக்கொள்கிறது. பாடுபட்டுப் பின்னால் கொண்டுவந்த 15 சதவீதத்தைக் கடலை மிட்டாய் அளவுச் சக்கரத்துக்குத் தானம் செய்வது போல. நின்ற நிலையில் தரையிலிருந்து 5 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். முன்சக்கரம் ஒரு காகிதம் நுழைகிற அளவு தூக்கினால் அழகு, வானத்தைப் பார்த்தால் தோல்வி.

மூன்று வினாடி ஓட்டத்துக்கு 5,000 எம்ஏஹெச் பேட்டரி எதற்கு?

நல்ல கேள்வி. 100 ஆம்பியரை மூன்று வினாடி இழுத்தாலும் செலவாவது 83 எம்ஏஹெச்தான். கொள்ளளவுக்காக நாம் பெரிய பேட்டரி வாங்கவில்லை. ஆம்பியருக்காக வாங்குகிறோம். பேட்டரியின் உள் மின்தடை 6 மில்லி ஓம் என்றால் 100 ஆம்பியரில் 0.6 வோல்ட் உள்ளேயே தின்றுவிடும். சின்ன பேட்டரியில் மின்தடை அதிகம், இழப்பும் அதிகம். எவ்வளவு ஆம்பியர் தரும் என்று உறையில் அச்சிட்ட 'சி' எண்ணை நம்பாதீர்கள். மின்தடையை அளந்து காட்டும் சார்ஜர் வாங்குங்கள், அது பொய் சொல்லாது.

3 செல் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பெரிய மோட்டார் பற்றிச் சொன்னதையே மறுபடி படியுங்கள்.

சேலத்து வெயிலில் பேட்டரி வெடிக்கும் என்கிறார்களே?

வெயிலில் மட்டும் வெடிக்காது, ஆனால் வெயில் அதன் நண்பனும் அல்ல. சித்திரையில் நம் ஊர் 40 டிகிரியைத் தொடும். மூடிய காருக்குள் வைத்த லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, மதியத்துக்குள் உப்பிய பூரி போல ஆனதைப் பார்த்திருக்கிறேன். உப்பியதை மறுபடி ஏற்றாதீர்கள்.

சில பழக்கங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. செல் ஒவ்வொன்றையும் சமப்படுத்தும் முறையில் ஏற்றுங்கள். 5,000 எம்ஏஹெச் பேட்டரிக்கு 5 ஆம்பியர் போதும். செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, 3.3-க்குக் கீழே இறக்கக் கூடாது. அடுத்த வாரம்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள்; முழுதாக ஏற்றி வைத்தால் சும்மா கிடந்தே கெடும். நான் ஏற்றுவது அகன்ற மண்சட்டியில், சிமென்ட் தரையில், பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணலோடு. சட்டியை மூடி போட்டு இறுக்காதீர்கள். ஏற்றும்போது தூங்கப் போகாதீர்கள்.

சாலிடர் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

ரேடியோ பழுதுபார்க்கும் 25 வாட் சாலிடரிங் இரும்பை வைத்துக்கொண்டு போராடுகிறீர்கள். இங்கே போவது தடித்த கம்பி, இரும்பு தொட்டவுடன் சூட்டையெல்லாம் குடித்துவிடும். 60 வாட்டுக்குக் குறையாத, அகன்ற முனை உள்ள இரும்பு வேண்டும். கம்பிக்கும் கனெக்டர் முனைக்கும் தனித்தனியே ஈயம் பூசிவிட்டுப் பிறகு சேருங்கள். பேட்டரிக் கம்பிகளை ஒரே நேரத்தில் இரண்டையும் வெட்டாதீர்கள். வெட்டியவரின் கத்தரிக்கோலில் பிறை வடிவத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. மேலே சொன்ன வெள்ளிப் பட்டறை நண்பர் ஊதுகுழல் நெருப்பில் ஒட்டித் தருகிறேன் என்றார். கொலுசுக்கு அது சரி, பிளாஸ்டிக் உறை உள்ள கனெக்டருக்கு ஆகாது.

எங்கே ஓட்டுவது? ராத்திரியில் நான்கு வழிச்சாலை காலியாகத்தானே இருக்கிறது?

பொதுச்சாலையில் வேண்டவே வேண்டாம். 2 கிலோ எடை மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரு பைக்கின் முன்சக்கரத்தில் நுழைந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வீடு வராத மனைப்பிரிவுகளில் தார் போட்டு ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும் தெருக்கள் நம் ஊரைச் சுற்றி நிறைய. உரிமையாளரிடம் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். மாடுதான் சில நேரம் மறுக்கும்.

40 மீட்டர் போதாது. நிற்பதற்கு இன்னும் 60 மீட்டர் வேண்டும். மோட்டார் பிரேக் பின்சக்கரத்தை மட்டும் பிடிப்பதால், கோட்டைத் தாண்டியதும் முழு பிரேக் அழுத்தினால் கார் சுழலும். இஎஸ்சியில் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பிரேக்கை 20 சதவீதத்தில் வையுங்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் கிளம்பும் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், பக்கவாட்டில் அல்ல.

ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் குளிருக்கு மோட்டார் சூடாகாது, இன்னும் வேகமாகப் போகும், சரியா?

பாதி சரி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்று நம் ஊரைவிட மெலிந்தது. பெட்ரோல் அல்லது நைட்ரோ இன்ஜின் என்றால் அதற்கே இளைத்துவிடும். மின்மோட்டார் மூச்சு விடாது, அதற்குக் கவலையில்லை. காற்றின் எதிர்ப்பும் கொஞ்சம் குறைவு. ஆனால் குளிர்ந்த தார்த்தளத்தில் டயர் மிருதுவாகாது, பனி இறங்கினால் பிடிப்பே இருக்காது. குளிர்ந்த பேட்டரியின் மின்தடையும் கூடும். மொத்தத்தில் நஷ்டம். போன மார்கழியில் நாங்கள் ஐந்து பேர் போனோம். நேராக மட்டும் போகத் தெரிந்த காரை மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதைப் பார்த்து பஸ் கண்டக்டர் சிரித்தார். மேலே போய்ச் சமதளமாக நூறு மீட்டர் தேடி, கிடைக்காமல், மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு இறங்கினோம்.

அம்பாசடர் பாடி போடலாமா?

போடலாம், அழகாக இருக்கும். மெல்லிய பாலிகார்பனேட் பாடிக்கு உள்பக்கத்திலிருந்து வண்ணம் அடிக்க வேண்டும், அடர்ந்த நிறம் முதலில், வெளிர் நிறம் பிறகு.

என் கார் ஓடிய நேரம் 3.1 வினாடி, அவனுடையது 3.2. அவன் ஜெயித்தான் என்கிறார்கள். இது என்ன நியாயம், அண்ணா?

நியாயம்தான். கடிகாரம் ஓடத் தொடங்குவது பச்சை விளக்கு எரிந்தபோது அல்ல, உங்கள் கார் கிளம்பும் கோட்டைவிட்டு நகர்ந்தபோது. பச்சை எரிந்த பிறகு நீங்கள் யோசித்துக்கொண்டு நின்ற நேரம் அந்த 3.1-இல் வராது. ஆனால் கோட்டை யார் முதலில் தொட்டார் என்பதில் வரும். அவர் 0.2 வினாடியில் கிளம்பியிருந்தால் மொத்தம் 3.4. நீங்கள் 0.4 எடுத்திருந்தால் 3.5. நீங்கள் தோற்றது விரலில்.

அசல் டிராக் பந்தயத்தில் 1963 முதல் பயன்படும் விளக்குக் கம்பத்துக்கு 'கிறிஸ்துமஸ் மரம்' என்று பெயர். ஒரு முறையில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை வினாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரிந்து பச்சை வரும். இன்னொன்றில் மூன்றும் ஒன்றாக எரிந்து 0.4 வினாடியில் பச்சை வரும். பச்சையைக் கண்ணால் பார்த்த பிறகு அழுத்தினால் ஏற்கெனவே தாமதம். கடைசி மஞ்சளைப் பார்த்ததும் விரல் நகர வேண்டும். அவசரப்பட்டால் சிவப்பு, ஆட்டம் அங்கேயே முடிந்தது. நான் நாலு எல்இடி விளக்கும் பழைய ஸ்டார்ட்டர் பெட்டியும் வைத்து ஒரு மரம் செய்து கடையில் மாட்டியிருக்கிறேன். பள்ளி விட்டு வரும் என் அக்கா மகள் தினமும் அதில் பத்து முறை அழுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அவளுக்கு பன்னிரண்டு வயது, ஓட்டுவது என் பழைய கார், மோட்டார் எங்கள் கூட்டத்திலேயே சிறியது. ஆறு வாரமாக என்னால் அவளை முந்த முடியவில்லை.